எடையா? வரிசையா?

தகுதி வேண்டும், தகுதி வேண்டும் என்று டில்லி ஏடுகள் தலையங்கம் தீட்டுகின்றன. மெத்தப் படித்த மேதாவிகள் மேசையைக் குத்திக் கேட்கின்றனர்: "தகுதியற்றவன் கையில் கத்தியைக் கொடுக்கலாமா? மக்கள் உயிரோடு விளையாடலாமா?" கேள்வி நியாயமானது. நாமும் அதைத்தான் கேட்கிறோம். நோயாளி எந்தக் கட்சியினன் ஆயினும், எந்தச் சாதியினன் ஆயினும், அவன் நாடி பிடிக்கும் மருத்துவனுக்கு மருத்துவம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால், தெரிந்திருக்கிறதா இல்லையா என்று அளந்து பார்க்க அவர்கள் கையில் ஏந்தியிருக்கும் கருவி யாது? தராசா? இல்லை. படியா, மரக்காலா? அதுவும் இல்லை. பெர்சென்டைல் என்றொரு புதுச்சரக்கு!

பெயரைக் கேட்டதும் நம்மவரில் பலர், "ஓகோ, பெர்சென்ட்டுக்குத் தங்கை போலும்" என்று எண்ணி விடுகின்றனர். பெயரில்தான் உறவு, பிறப்பிலே இல்லை. பெர்சென்ட் என்பது விழுக்காடு. நூறு வினாவில் எண்பதுக்கு விடை தெரிந்தால் எண்பது விழுக்காடு. அது மாணவனுக்கும் பாடத்துக்கும் உள்ள கணக்கு. பெர்சென்டைல் என்பதோ, மாணவனுக்கும் அவனோடு தேர்வெழுதிய மற்றவருக்கும் உள்ள கணக்கு. "உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று அது கேட்பதில்லை. "உனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறது.

வேடசந்தூர் வட்டத்தாருக்கு இதை விளக்க வெளிநாட்டுப் பேராசிரியர் எவரும் வரவேண்டியதில்லை. வியாழன்தோறும் கூடுகிறதே அய்யலூர் ஆட்டுச்சந்தை, அது போதும். முப்பது கிலோ எடையுள்ள ஒரு கிடாயை ஓட்டிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று சந்தைக்கு வந்தவை நூறு ஆடுகள். அவற்றில் எண்பது ஆடுகள் உங்கள் கிடாயை விட இளைத்தவை. உங்கள் கிடாய் எண்பதாவது பெர்சென்டைல்! அதே கிடாயை விற்காமல் திரும்ப ஓட்டிவந்து, தீபாவளிக்கு முந்திய வியாழனன்று மறுபடியும் கொண்டுபோகிறீர்கள். கொழுத்த ஆடுகள் எல்லாம் குவிந்துவிட்டன. இளைத்தவை நாற்பதுதான். இப்போது உங்கள் கிடாய் நாற்பதாவது பெர்சென்டைல். கிடாய் இளைத்ததா? ஒரு பலம் கறி குறைந்ததா? இல்லை. எடை அப்படியே இருக்கிறது, வரிசைதான் மாறிற்று.

இனி அந்தச் சந்தையிலே ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்து, "இங்கு வரும் ஆடுகளில் மேற்பாதி நல்ல ஆடு, கீழ்ப்பாதி சொத்தை ஆடு, வாரந்தோறும் இதுவே சட்டம்" என்று தண்டோராப் போட்டால் என்ன ஆகும்? மழை பெய்து மேய்ச்சல் செழித்த ஆண்டில், கொழுத்த ஆட்டிலும் பாதி சொத்தை எனத் தள்ளப்படும். பஞ்ச காலத்திலே எலும்புந்தோலுமாய் வந்த ஆட்டிலும் பாதி நல்லதெனச் சான்றிதழ் பெறும். கசாப்புக்கடைக்காரர் எவராவது இந்தச் சட்டத்தை ஒப்புவாரா? ஒப்பமாட்டார். ஆட்டுக்கு ஒவ்வாத இந்தச் சட்டத்தைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்!

எழுதிய கதையையும் கேளுங்கள். 2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கழகம் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வுக்கு விதி வகுத்தபோது, பொதுப்பிரிவினர் ஐம்பது விழுக்காடு மதிப்பெண் பெறவேண்டும் என்றே எழுதிற்று. 2012 பிப்ரவரியில் அந்த விதி திருத்தப்பட்டது. விழுக்காடு போயிற்று, "ஐம்பதாவது பெர்சென்டைல்" வந்து அமர்ந்தது. ஒட்டுப்போட்டது ஒரு சிறு வால்தான். ஆனால் அந்த வால் ஆட்டையே ஆட்டத் தொடங்கிவிட்டது!

எப்படி என்கிறீர்களா? நீட் தேர்வின் முழு மதிப்பெண் 720. ஐம்பது விழுக்காடு என்றால் 360 வாங்கியாக வேண்டும். ஐம்பதாவது பெர்சென்டைல் என்றதும், 2022இல் அந்த எல்லைக்கோடு 117 மதிப்பெண்ணில் வந்து படுத்துக்கொண்டது. நூற்றுக்குப் பதினாறு! 2023இல் 137. 2024இல் 162. 2025இல் 144. ஆக, 140 மதிப்பெண் பெறும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அவள் தகுதியுடையவள், 2023இலும் தகுதியுடையவள், 2024இல் தகுதியற்றவள், 2025இலும் தகுதியற்றவள். அவள் அறிவு அதேதான். மதிப்பெண் அதேதான். தகுதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வீட்டைக் காலி செய்து ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலிடத்தில் நிற்போர் கதையும் இதுவே. 2024இல் வினாத்தாள் இளகியிருந்தது. முதலில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக அறிவித்தார்கள். திருத்திய முடிவில் அது 17 ஆயிற்று. அவ்வாண்டு 650 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர் முப்பதாயிரம் பேரளவில் இருந்தனர். மறு ஆண்டு வினாத்தாள் கடினமாயிற்று; முதலிடமே 686தான். 651 முதல் 686 வரை பெற்றவர் 73 பேர் மட்டுமே. 651 மதிப்பெண் ஓராண்டில் முப்பதாயிரவர் கூட்டத்தில் ஒன்று, மறு ஆண்டில் எழுபத்து மூவருள் ஒன்று. 2024இல் 651 வாங்கி அரசுக் கல்லூரி கிடைக்குமா என்று கலங்கிய பிள்ளை, ஓராண்டு பிந்திப் பிறந்திருந்தால் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள்!

கணக்கென்றால் நமக்கு வேம்பு என்று தோழர்கள் ஒதுங்கிவிடாதீர்கள். நானும் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன்தான். எனக்கு எட்டியது உங்களுக்கு எட்டாமலா போகும்? தேர்வெழுதியவர் தொகையிலிருந்து ஒருவருடைய இடத்தைக் கழியுங்கள். மீதியைத் தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் அவருடைய பெர்சென்டைல். 2025இல் தேர்வெழுதியவர் 22 இலட்சத்து 9 ஆயிரத்துச் சொச்சம். ஒரு இலட்சமாவது இடத்தில் இருப்பவருக்குப் பின்னால் 21 இலட்சத்து 9 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள்: 95.5 வரும். முதலிடம் பெற்றவருக்கே முழு நூறு கிடைக்கவில்லை, 99.9999547தான் கிடைத்தது. காரணம் வேறொன்றுமில்லை. எவ்வளவு பெரிய மேதையானாலும் தனக்குப் பின்னால் தானே போய் நிற்க முடியாதல்லவா?

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தேர்வு முடிவு வந்த மறுநாள் மன்றத்துப் படியேறி வருபவர் ஏழைத் தகப்பன். கையிலே மதிப்பெண் தாள். அதிலே 88.2 என்றோர் எண். "நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கிவிட்டாள் என் மகள்" என்று அவர் முகம் மலர்கிறது. அவருக்கு முன்னாலேயே தரகன் அந்தத் தாளைப் பார்த்துவிடுகிறான். "எண்பத்தெட்டு! இடம் கிடைத்த மாதிரிதான். முன்பணம் மட்டும் கட்டிவிடுங்கள்" என்கிறான். குடகனாற்றங்கரையிலே இருக்கும் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தின் பத்திரம் பெட்டியைவிட்டு வெளியே வருகிறது. அந்த வேளையில் நம் தோழர் ஒருவர் பக்கத்தில் இருந்து, "ஐயா, 88.2 என்றால் உங்கள் மகளுக்கு முன்னால் இன்னும் 11.8 விழுக்காட்டினர் நிற்கிறார்கள், 22 இலட்சத்தில் அது இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பேர்" என்று சொன்னால், பத்திரம் பெட்டிக்குத் திரும்பும். அத்தோடு நிறுத்தவும் கூடாது. அகில இந்திய வரிசை வேறு, நம் மாநிலத்துத் தரவரிசைப் பட்டியல் வேறு என்று சொல்லவேண்டும். 69 விழுக்காடு ஒதுக்கீட்டில் அந்தப் பெண்ணின் பிரிவு எது, அந்தப் பிரிவில் அவள் எத்தனையாவது ஆள் என்று பார்க்கவேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவளானால், 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் பட்டியலில் எங்கே நிற்கிறாள் என்று தேடவேண்டும். நெடிய வரிசையில் பின்தங்கியவள் இந்தக் குறுகிய வரிசையில் முன்னால் நிற்கக் கூடும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, 150 இடங்கள். நம் பிள்ளை அங்கே நுழைவாளா மாட்டாளா என்பதற்கு விடை அந்த 88.2இல் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

சரி, 50 பெர்சென்டைல் என்று கோட்டை இவ்வளவு தாழ்வாக இழுத்தது ஏழைக்கு இரங்கியா? அப்படி ஒரு கருணை டில்லியில் சுரந்ததா? பார்ப்போம். 2025இல் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர் 12 இலட்சத்து 36 ஆயிரம் பேர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒன்றேகால் இலட்சத்தையொட்டித்தான். அதிலும் அரசுக் கல்லூரி இடங்கள் ஏறத்தாழப் பாதி. பந்தியில் இருப்பது பத்து இலை என்றால், நூறு பேருக்கு அழைப்பிதழ் அனுப்புவதன் பொருள் என்ன? 90 ஆயிரமாவது இடத்தில் நிற்கும் பொதுப்பிரிவு ஏழை மாணவனைப் பாருங்கள். அவன் பெர்சென்டைல் 95.9. அரசு இடம் கைக்கு எட்டாது போனால், வீட்டுக்குத் திரும்புகிறான். ஏழு இலட்சமாவது இடத்தில் நிற்கும் சீமான் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள், பெர்சென்டைல் 68. ஆண்டுக் கட்டணம் இருபது இலட்சத்தைத் தாண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அவனுக்குக் கதவைத் திறந்து, "வருக! தகுதியுடையவரே வருக!" என்கிறது. 96ஐத் தாண்டி 68 போய் அமர்வதற்குப் போடப்பட்ட பாலத்தின் பெயர்தான் ஐம்பதாவது பெர்சென்டைல். 360 மதிப்பெண் என்று கோடு போட்டிருந்தால், விலை கொடுப்பார் இல்லாமல் அந்தக் கடைகளில் பல இடங்கள் ஈயோட்டியிருக்கும்.

இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்பாரா? மேற்படிப்பில் நடந்ததைப் பார்க்கட்டும். 2023 செப்டம்பரில், மருத்துவ முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வின் தகுதிக்கோட்டை, எல்லாப் பிரிவினருக்கும், சுழியம் பெர்சென்டைல் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. சுழியம் என்றால் என்ன? பின்னால் ஒருவரும் இல்லை; கடைசி ஆளும் தகுதியுடையவர். தேர்வுக் கூடத்துக்கு வந்ததே தகுதி! 2026 ஜனவரியில் மறுபடியும் அதே கூத்து. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, பொதுப்பிரிவுக்கு 7ஆவது பெர்சென்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சுழியம் என்று 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கான கோடு தாழ்த்தப்பட்டது. சுழியம் பெர்சென்டைலுக்கு நேரான மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 800க்குக் கழித்தல் 40. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பது அந்தத் தேர்வின் முறை. தூங்கிவிட்டு வெற்றுத்தாளை நீட்டியவனுக்கு 0. அவனைக் காட்டிலும் நாற்பது படி கீழே நிற்பவரும் தகுதியுடையவரே!

உடனே சில ஏடுகள், "பார்த்தீர்களா இட ஒதுக்கீட்டின் கேட்டை" என்று எழுதப் புகுந்தன. 2023இல் எல்லாருக்கும் சுழியம் ஆக்கப்பட்டபோது அந்தப் பேனாக்கள் எங்கே மேயப் போயிருந்தன? அது கிடக்கட்டும். அவர்கள் எழுதியதில் இருக்கும் அடிப்படைப் பிழையைப் பாருங்கள். அந்த மருத்துவர்கள் எல்லாரும் ஐந்தரை ஆண்டு படித்து, பிணம் அறுத்துப் பயின்று, மருத்துவமனையிலே இரவு விழித்து, எம்.பி.பி.எஸ். தேறி, மருத்துவம் பார்க்க உரிமம் பெற்றவர்கள். கடைசி வரிசையில் நிற்பவரும் மருத்துவரே. "அவர்கள் ஏற்கெனவே தேறிய மருத்துவர்கள்தாமே, இது வெறும் வரிசைதானே" என்று கோட்டைத் தாழ்த்தியதற்குச் சமாதானம் சொன்னார்கள். மெய்! நூற்றுக்கு நூறு மெய்! நாமும் அதைத்தானே தொண்டை வறளக் கூவிக்கொண்டிருந்தோம்? பெர்சென்டைல் வெறும் வரிசைதான், தகுதி அன்று என்று! தனியார் கல்லூரியின் காலி இருக்கைக்கு மட்டும் அது வரிசையாம். பனிரண்டாம் வகுப்பு முடித்த நம் குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அது தகுதியாம். ஒரு நாக்கு, இரண்டு பேச்சு.

அரியலூர் மாவட்டத்துக் குழுமூரிலே மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பனிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றாள். அது எடை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடை. 2017இல் அந்த எடைக்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறொரு பாடத்திட்டத்தில், வேறொரு முறையில் நடந்த தேர்வின் வரிசையைக் காட்டினார்கள். உச்சநீதிமன்றப் படி வரையில் ஏறிய அந்தப் பெண், 2017 செப்டம்பர் 1ஆம் நாள் நம்மை விட்டுப் போனாள்.

இதற்குப் பிறகு வரிசையில் முன்னே வந்தவர் யார்? நீதிபதி ஏ.கே.இராசன் குழு 2021இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை புள்ளிவிவரத்தோடு பேசுகிறது. 2016-17இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவருள் மீண்டும் முயன்று தேர்வெழுதி வந்தவர் 12.47 விழுக்காடு. 2020-21இல் அது 71.42. தமிழ்வழியில் படித்தவர் 14.88 விழுக்காட்டிலிருந்து 1.99க்கு இறங்கினர். அதாவது, பயிற்சி நிலையத்தில் ஓராண்டு, ஈராண்டு காசைக் கொட்டிக் காத்திருக்க முடிந்தவர் முன்னே நகர்ந்தார்; நகரவே, நம் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றும் பின்னே போனாள். வரிசைக் கணக்கின் கொடுமையே இதுதான். நீங்கள் ஒன்றும் இழக்க வேண்டியதில்லை. அடுத்தவர் காசு செலவழித்தாலே போதும், உங்கள் தகுதி குறைந்துவிடும்! இருபத்திரண்டு இலட்சம் பேரும் இரட்டிப்பாய்ப் படித்தாலும், பாதிப்பேர் ஐம்பதுக்குக் கீழேதான். பயிற்சி வணிகர் நட்டப்படாத வணிகராய் இருப்பதன் இரகசியமும் அதுவே.

தமிழ்நாட்டுக்கு இந்தப் போர் புதிதன்று. வகுப்புவாரி ஆணையை எதிர்த்து, மருத்துவக் கல்லூரியின் பெயரைச் சொல்லித்தான் செண்பகம் துரைராசன் வழக்கு வந்தது. கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது பிறகு வெளிப்பட்டது. ஆணை வீழ்ந்தது; 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1984இல் வந்த மாநில நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இல் சட்டம் செய்தோம்; 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றோம். நீட்டிலிருந்து விலக்குக் கோரி 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வடிவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினோம். ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது.

இனி வரக் காத்திருப்பது இன்னும் பெரிது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, அதன் 15ஆம் பிரிவு: நெக்ஸ்ட் என்றொரு தேர்வு. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர் அதை எழுதித் தேறினால்தான் மருத்துவம் பார்க்க உரிமம். அதே தேர்வின் மதிப்பெண்தான் மேற்படிப்புக்கும் வரிசை. 2023 ஜூனில் ஒழுங்குமுறைகள் வெளிவந்தன. அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், மாணவர்களும் கிளர்ந்தனர், ஜூலையில் ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்தார்களே ஒழிய, பிரிவைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

உரிமத் தேர்வு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா?" ஆம் அல்லது இல்லை. அது எடைக் கேள்வி. இந்திய அரசுக்கு அது தெரியாமலும் இல்லை. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோருக்கு 2002 முதல் ஒரு தேர்வு நடத்துகிறார்கள். 300க்கு 150 பெற்றால் தேர்ச்சி. பக்கத்து இருக்கையில் இருந்தவன் எவ்வளவு வாங்கினான் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்தத் தெளிவை நெக்ஸ்டிலே ஏன் குழப்புகிறார்கள்? உரிமத்துக்கு எடை, மேற்படிப்புக்கு வரிசை. இரண்டையும் ஒரே தாளில் அளப்போம் என்றால், மாணவன் எதற்குப் படிப்பான்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் நின்று கற்கவேண்டிய இறுதியாண்டையும், பயிற்சி முடிக்கவேண்டிய காலத்தையும், பயிற்சி நிலையத்துத் தாள்களில் தொலைப்பான். உரிமத் தேர்வுக்கே தரகன் வந்துவிடுவான்.

அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே உரிமத் தேர்வின் முதற்படிக்கு மூன்று இலக்க மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். உரிமத்துக்கென்று வைத்த எண்ணை மருத்துவமனைகள் மேற்பயிற்சிக்கு ஆள் பொறுக்கப் பயன்படுத்தின. மாணவர் உலகமே அந்த எண்ணைத் துரத்தி ஓடிற்று. 2022 ஜனவரி 26 முதல் எண்ணை நிறுத்திவிட்டார்கள். தேர்ச்சி, தேர்ச்சியில்லை, அவ்வளவுதான். இரண்டாம் படியில் எண் இன்னும் இருக்கிறது; ஆகவே அங்கே பெர்சென்டைல் சோதிடமும் இருக்கிறது. சராசரி 250ஐ ஒட்டி நிற்கிறது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு 15. சராசரி வாங்கியவர் 50ஆவது பெர்சென்டைல். 265 வாங்கியவர் ஏறத்தாழ 84. 235 வாங்கியவர் 16. நடுவிலே ஏழெட்டு மதிப்பெண் கூடினாலே 50 என்பது 69 ஆகத் தாவிவிடும். ஏழெட்டு மதிப்பெண் என்பது என்ன? ஒருவரே அடுத்தடுத்து இருமுறை எழுதினால் அவ்வளவு வேறுபாடு வரக்கூடும். முதல்நாள் இரவு நன்றாகத் தூங்கினாரா என்பதைப் பொறுத்தும் வரும். அந்தத் தூக்கத்துக்குப் பத்தொன்பது படி ஏற்றமா? மூவரும் நோயாளியைத் தொட உரிமை பெற்றவரே. ஆனால் ஒருவர் 84, ஒருவர் 16 என்று நெற்றியில் எழுதி அனுப்புகிறார்கள்.

ஆகவே தோழர்களே, நெக்ஸ்ட் பற்றிப் பேச மேடை ஏறும்போது, பொத்தாம்பொதுவில் "ஒழிக" முழக்கத்தோடு இறங்கிவிடாதீர்கள். வேடசந்தூர் கடைத்தெருவானாலும், வடமதுரை சந்தைத் திடலானாலும், இரண்டு கோரிக்கைகளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இறுதித் தேர்விடமே இருக்கட்டும். அதையும் மீறிப் பொதுத் தேர்வு வருமானால், முடிவுத் தாளில் தேர்ச்சி உண்டு, இல்லை என்ற சொல்லுக்கு மேல் ஓர் எண்ணும் அச்சாகக் கூடாது. சென்ற கூட்டத்தில் ஒரு முதியவர் எழுந்து, "பெர்சென்டைல் என்றால் எத்தனை பைசா தம்பி?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆண்டுக்கு எத்தனை இலட்சம் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.